எங்கள் லயத்து எமன்

சரித்திரத்தில் எப்படி இவ்வளவு பைத்தியம் வந்தது என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் ஆளுக்கொரு பதில் சொல்வேன். ஸ்கூலில் கூட வேலை செய்யும் டீச்சர்களிடம், சின்ன வயதில் நல்ல புத்தகங்கள் கிடைத்தன என்று சொல்வேன். சுத்தப் பொய். எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில், ரேஷன் கார்டு தவிரப் புத்தகம் என்று ஒன்று இருந்ததில்லை. உண்மை என்னவென்றால், பதினோரு வயதில் நான் என் அம்மா கும்பிட்ட சாமியை சாமி இல்லை என்று ஊர் அறியச் சொல்லி ஏழரையைக் கூட்டினேன். அதை டீ குடிக்கிற நேரத்தில் சொல்லி முடிக்க முடியாது. இப்போது சொல்கிறேன்.

கோத்தகிரியிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போனால் எங்கள் எஸ்டேட். அம்மாவும் அப்பாவும் குழந்தைகளாக இருக்கும்போது சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலில் வந்தவர்கள். கப்பலை விட்டு இறங்கியும் தேயிலை அவர்களை விடவில்லை. அம்மா கொழுந்து பறிப்பாள். அப்பா ஆம்பளைக் கூட்டத்தில் குழி வெட்ட, மருந்தடிக்க, கவ்வாத்து வெட்டப் போவார். லயத்தில் எங்களுக்கு ஒரே அறை, அதைக் காம்பரா என்போம், முன்னால் ஒரு அடுப்படி. எனக்கு முன்னால் ஒரு அக்கா பிறந்து பதினோரு நாளில் போய்விட்டாள். எனக்குப் பின்னால் ஒரு தம்பி. அவன் பத்து மாதம் இருந்தான். தவழ்ந்து வந்து என் சட்டையைப் பிடித்து இழுப்பான். காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் போய்விட்டான். அப்போது எனக்கு ஐந்து வயது. அதற்குப் பிறகு ஆறு வருஷம் எதுவும் இல்லை. அப்புறம் அம்மா மறுபடியும் மாசமானாள். சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

அந்த சமயத்தில்தான் ஏழாம் நம்பர் மலையின் உச்சியில் நிழலுக்கு சில்வர் ஓக் கன்று வைக்க அப்பாவின் கூட்டம் குழி வெட்டியது. அங்கே வட்டமாக அடுக்கி வைத்த மாதிரிப் பெரிய பெரிய கற்கள் கிடந்தன. வாய்க்கால் கட்ட ஆகும் என்று அவற்றைப் பெயர்த்தெடுத்த இடத்தில் அப்பாவின் கடப்பாரை ஒரு பானையில் இறங்கியது. பானை சில்லு சில்லாகப் போய்விட்டது. உள்ளே சாம்பலும் கருகின துண்டுகளுமாக இருந்திருக்கிறது. எவனோ அந்தக் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு சுட்டுத் தின்றிருப்பான் என்று சொல்லிக்கொண்டே, மனுஷன் அதை அதே குழியில் தள்ளி, மேலே கன்றையும் நட்டுவிட்டார். மூடி மட்டும் உடையாமல் வந்தது. மூடி என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும். சிவப்பு மண்ணில் செய்த எருமை, ஒரு சாண் உயரம், ஒரு கொம்பு முன்னமே போயிருந்தது, முகம் மட்டும் நல்ல லட்சணம். அப்பா அதைத் துண்டில் சுற்றி எனக்கு விளையாடக் கொண்டு வந்தார்.

நான் அதைத் தொடவே இல்லை, அதற்குள் அம்மா அப்பாவின் கையிலிருந்து பிடுங்கிவிட்டாள். பார்த்த மாத்திரத்தில் அவள் முகத்தில் ஈயாடவில்லை. எருமையில் வருபவன் யாரென்று உலகத்துக்கே தெரியும். பக்கத்துக் காம்பரா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, ஐயோ எமனோட வண்டியை வீட்டுக்குள்ள கொண்டாந்துட்டியே அண்ணே, ஆத்துல கொண்டு போய் வீசு என்றாள். லயமே அதைத்தான் சொன்னது. அப்பாவும் துண்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அம்மா விடவில்லை. அம்மாவுக்கென்று ஒரு நியாயம் உண்டு. அது எங்கள் தோட்டத்தில் மட்டும்தான் எடுபடும். ஃபீல்டு ஆபீஸர் வந்தால் தலையில் கட்டின துணியை இறக்குகிறோம், கங்காணி வந்தால் வழி விடுகிறோம், மருந்துக்கார ஐயாவுக்குக்கூடக் கும்பிடு போடுகிறோம். இவன் நம் வீட்டுக்கு ரெண்டு தடவை வந்திருக்கிறான், ஒரு வாய் தண்ணி கொடுத்திருப்போமா, கதவைத்தானே சாத்தினோம் என்று கேட்டாள். மரியாதை கொடுத்தால் மரியாதையாகப் போய்விடுவான் என்பது அவள் கட்சி. வாயும் வயிறுமாக இருக்கிறவளிடம் யார் வாதம் பண்ணுவது. மலை ஏறும் பாதையில் ஒரு நாவல் மரம் இருந்தது. அதன் அடியில் தட்டைக் கல் ஒன்றில் எருமையை வைத்தாள். மஞ்சள் பூசினாள், பொட்டு வைத்தாள். எங்கள் லயத்துக்கு எமன் வந்து சேர்ந்தது இப்படித்தான்.

கொழுந்து பறிக்கும் பெண்கள் காலையில் முதல் கை கொழுந்தைக் கூடையில் போடும்போது "பொலி, பொலி" என்று சொல்லித்தான் போடுவார்கள். கொழுந்து பெருகட்டும் என்று அர்த்தம், சிலோனிலிருந்து வந்த பழக்கம். அம்மா அந்த முதல் கையை எமனுக்குக் கொண்டு வந்து வைத்துவிட்டு, இரண்டாம் கையைத்தான் கூடைக்குப் போட்டாள். முதலில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்த வாரமே புதரிலிருந்து எழுந்து வந்த காட்டுமாடு ஒன்று பெண்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. மறுநாளிலிருந்து எல்லாருடைய முதல் கையும் நாவல் மரத்தடிக்குப் போனது. கொழுந்தை வீணாக்குகிறீர்களா என்று கங்காணி கத்திப் பார்த்தார். பிறகு ஒரு நாள் அவரே வெற்றிலை பாக்கு வைத்துவிட்டுப் போனதை நான் கண்ணால் பார்த்தேன்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற பிள்ளைகளுக்கு முருகன், மாரியம்மன் என்று ஊருக்கெல்லாம் பொதுவான சாமிகள். எனக்கு வீட்டுச் சாமி எமன். அவனைப் பற்றி எங்கே என்ன கதை கிடைத்தாலும் விடமாட்டேன். மார்க்கண்டேயன் கதை டிவியில் வந்தபோது எல்லாரும் மார்க்கண்டேயனுக்காக அழுதார்கள், நான் மட்டும் எமன் உதை வாங்கினதற்கு அழுதேன். சாவித்திரி அவனை வாயால் மடக்கின கதையைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அவள் எந்த இடத்தில் மடக்கினாள் என்று மனப்பாடம் செய்தேன். எமனுக்கு லீவு உண்டா, ஒரே நாளில் ஊட்டியிலும் மெட்ராஸிலும் ஆள் செத்தால் எப்படிப் போவான், மலை ஏறும்போது எருமைக்கு மூச்சு வாங்குமா என்று வகுப்பில் கேட்டு டீச்சரின் உயிரை வாங்கினேன். மனசுக்குள் ஒரு பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அம்மாவின் வயிறு பெரிதாகிக்கொண்டே வந்தது. சாவித்திரி மாதிரி நானும் ஏதாவது பேசி வைக்க வேண்டுமே என்று தினமும் ஸ்கூலுக்குப் போகிற வழியில் நாவல் மரத்தடியில் நின்று அவனிடம் பேசுவேன்.

அம்மாவுக்கு ஏழு மாதம் ஆனபோது ஸ்கூலில் ஊட்டிக்கு டூர் கூட்டிப் போனார்கள். பூங்கா, படகு எல்லாம் பார்த்தோம். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டது. நனையாமல் நிற்க ஒரு இடம் வேண்டுமே என்று எங்களை ஒரு மியூசியத்துக்குள் ஓட்டினார்கள். பிள்ளைகள் பாடம் செய்த புலியைப் பார்க்க ஓடினார்கள். நான் ஈரச் செருப்பைச் சரி செய்யக் குனிந்தவள் நிமிர்ந்தால், கண்ணாடிக்குப் பின்னால் எங்கள் எமன்.

ஒன்றல்ல. ஒரு வரிசையே இருந்தது. கொம்பு உடையாதது, கழுத்தில் மணி கட்டினது, கன்றோடு நிற்பது. எல்லாம் அதே சிவப்பு மண், அதே முகம். கீழே தமிழில் எழுதியிருந்ததை மூன்று தடவை படித்தேன். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் இந்த மலையில் வாழ்ந்தவர்கள், இறந்தவர்களை எரித்து, எலும்பையும் சாம்பலையும் தாழியில் வைத்து, கல்வட்டத்துக்குள் புதைத்தார்கள். தாழியின் மூடிகள் இவை. அவர்கள் பயன்படுத்திய மணி, கத்தி, அரிவாள், கண்ணாடி ஆகியவற்றையும் உடன் வைத்தார்கள். இவ்வளவுதான் எழுதியிருந்தது. பிஸ்கட் பாக்கெட்டின் உள் காகிதத்தைப் பிரித்து அதில் அத்தனையும் எழுதிக்கொண்டேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அப்போது சந்தோஷம்தான். வேறு எதுவும் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலேயே பழைய சாமான் கப்பலில் வந்த தகரப் பெட்டி. அதற்கு மேல் எங்களுக்குப் பழசு என்று எதுவும் கிடையாது. நாங்கள் நேற்று வந்தவர்கள், இந்த மண்ணில் எங்களுக்கு ஒன்றும் இல்லை என்று எல்லாரும் சொல்லிக் கேட்டு வளர்ந்தவள் நான். அப்படிப்பட்ட எங்கள் கையில், எங்கள் அப்பாவின் துண்டில், இரண்டாயிரம் வருஷம் வந்து உட்கார்ந்திருந்திருக்கிறது. ஊட்டியிலிருந்து திரும்பும் வரை கால் தரையில் பாவவில்லை.

வாய் சும்மா இருந்தால்தானே. சாயந்திரம் பஸ் விட்டு இறங்கியபோது பெண்கள் எல்லாரும் தண்ணிக் குழாயடியில் நின்றார்கள், அம்மாவும் குடத்தோடு நின்றாள். இதைவிட நல்ல கூட்டம் எப்போது கிடைக்கும். அங்கேயே நின்று, அது எமனும் இல்லை சாமியும் இல்லை, செத்தவங்க எலும்பு வச்ச பானையோட மூடி, ஊட்டியில் கண்ணாடிப் பெட்டிக்குள் நிறைய இருக்கிறது என்று பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தேன். கை தட்டுவார்கள் என்றே நினைத்தேன்.

பக்கத்துக் காம்பரா அக்கா, அப்ப இத்தனை நாளும் பொணத்துக்கா கொழுந்து வச்சோம் என்றாள். அப்புறம் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். ஒருத்தி அங்கேயே கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தீட்டுச் சாமானை மாசமா இருக்கிறவ தினமும் தொட்டு மஞ்சள் பூசியிருக்காளே, வயித்துல இருக்கிறது என்னாகும் என்று ஒரு கிழவி கேட்டுவிட்டாள். கேட்டது மெதுவாகத்தான், ஆனால் எல்லாருக்கும் கேட்டது. அம்மா காலிக் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். நான் அந்தக் குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

அன்றைக்கு அப்பா என்னைப் பார்த்துக் கத்தின கத்தலை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை. சாம்பலைக் கையால் தள்ளினவர் அவர்தானே, அவருக்கும் பயம். அம்மா கத்தவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவள் மறுநாளும் எழுந்திருக்கவில்லை. வேலைக்கு லீவு சொல்லியனுப்பினாள். கஞ்சி வைத்தால் அப்படியே இருக்கும். மருந்துக்கார ஐயா வந்து பார்த்து, சாப்பிடாமல் கிடந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். அப்பா கோயிலுக்குப் போய் வேப்பிலை வாங்கி வந்தார். அம்மா அதையும் தொடவில்லை. "இதுவும் தங்காது" என்று மட்டும் ஒரு தடவை சொன்னாள். சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மூன்றாம் நாள் நான் ஸ்கூலுக்குப் போகவில்லை. அப்பா வேலைக்குப் போன பிறகு அம்மா முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். நான்தான் தப்பாகப் படித்துவிட்டேன், அது வேற எருமை, நம்ம எருமை எமன்தான் என்றேன். அழுகை வேறு. அம்மா திரும்பாமலே, நீ தப்பாப் படிக்கிற பிள்ளை இல்லை, என்ன போட்டிருந்ததென்று முழுசாகச் சொல் என்றாள். நான் பிஸ்கட் காகிதத்தை எடுத்து வாசித்தேன். தாழி, எலும்பு, கல்வட்டம் எல்லாவற்றுக்கும் அவள் அசையவில்லை. மணி, கத்தி, அரிவாள், கண்ணாடி ஆகியவற்றையும் உடன் வைத்தார்கள் என்று வாசித்தபோது திரும்பினாள்.

கூட வச்சா அனுப்புனாங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். பிறகு கேட்டாள்.

"சின்னப் பிள்ளைகளுக்கும் வச்சாங்களா?"

காகிதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. மியூசியத்திலும் இல்லை. சின்னப் பிள்ளைகளைப் பற்றி அங்கே ஒரு வார்த்தை கிடையாது. அம்மாவுக்கு எழுத்துக் கூட்டத் தெரியும். கையை நீட்டிக் காகிதத்தை வாங்கினால் தீர்ந்தது. நான் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எழுதாத வரியை எழுதியிருக்கிற மாதிரியே வாசித்தேன்.

"சின்னப் பிள்ளைகளுக்கும் மணியும் வளையலும் வச்சாங்கன்னு போட்டிருக்கும்மா."

அம்மா காகிதத்தைக் கேட்கவில்லை. செத்துப்போன என் தம்பியைப் பற்றிப் பேசினாள். அவன் போன பிறகு அவனைப் பற்றி அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். அவன் கையில் இருந்த கருவளையலைக் கழற்றாமல் அப்படியே அனுப்ப வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டிருக்கிறாள். லயத்துப் பெரியவர்கள் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கைக்குழந்தையை வெறுமனே அனுப்ப வேண்டும், எதையாவது கொடுத்து அனுப்பினால் அது திரும்பிப் பார்க்கும், அடுத்ததையும் கூப்பிடும் என்று பயமுறுத்தியிருக்கிறார்கள். இவள் வளையலைக் கழற்றிக்கொண்டாள். ஆறு வருஷமாக அது சீனி டப்பாவுக்கு அடியில் ஒரு துணியில் இருந்திருக்கிறது. ஒண்ணுமே குடுக்காம அனுப்பிட்டேனே புள்ள என்று சொல்லி அம்மா அழுதாள். நல்லா அழுதாள். நானும் அழுதேன். அழுது முடித்த பிறகு எழுந்து உட்கார்ந்து, ரொட்டி சுடத் தேங்காய் இருக்கிறதா பார் என்றாள். நான் அந்தச் சின்ன வயதில் அவ்வளவு வேகமாகத் தேங்காய் துருவினதே இல்லை. மூன்று ரொட்டி சாப்பிட்டாள், தேங்காய்ச் சம்பல் தொட்டு.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் மலை உச்சிக்குப் போனோம். லயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா வழி நெடுக முணுமுணுத்துக்கொண்டே வந்தார், ஏழு மாசத்துல மேடு ஏறுறதுக்கு இவளுக்கு என்ன கிறுக்கா என்று. சில்வர் ஓக் கன்றுக்குப் பக்கத்திலேயே புதுசாக ஒரு குழி வெட்டி, கன்றின் அடியைக் கிளறி, அன்றைக்குத் தள்ளின கறுப்பு மண்ணையும் பானைச் சில்லுகளையும் அள்ளி அதில் போட்டார். அம்மா மடியிலிருந்து வளையலை எடுத்து அதன் மேல் வைத்தாள். அப்பாவுக்கு அதைப் பற்றி முன்னால் தெரியாது. முணுமுணுப்பு நின்றுவிட்டது. மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பி நின்றார். நாவல் மரத்தடியிலிருந்து எடுத்து வந்த ஒற்றைக் கொம்பு எருமையை அம்மாதான் இரண்டு கையாலும் இறக்கி மேலே வைத்தாள்.

"பெரியவங்களா இருக்கீங்க. பாத்துக்கங்க, சின்னது தனியா இருக்கு," என்றாள்.

இன்றைக்கு என் வகுப்புப் பிள்ளைகள் எவராவது இப்படி ஒரு காரியம் செய்தால் நான் சும்மா விடமாட்டேன். பழம்பொருள் கிடைத்தால் தாசில்தாரிடம் சொல்ல வேண்டும், கலைக்கக் கூடாது, ஒன்றை எடுத்து ஒன்றில் சேர்க்கக் கூடாது என்று தொண்டை கிழியச் சொல்லிக் கொடுக்கிறேன். எங்கள் மலை உச்சியை மட்டும் நான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லப்போவதும் இல்லை, கேட்காதீர்கள்.

இரண்டு மாதம் கழித்துக் கோத்தகிரி ஆஸ்பத்திரியில் தம்பி பிறந்தான். முழுசாக மூன்று கிலோ. ஊர்ப்பட்ட முடி. இப்போது திருப்பூரில் வேலை பார்க்கிறான், மாதம் ஒரு தடவை வந்து என் தலையைத் தின்றுவிட்டுப் போகிறான். அம்மாவுக்குச் சந்தோஷத்துக்குக் குறைவில்லை. எனக்குத்தான் ஒரு முள் இருந்துகொண்டே இருந்தது. அம்மாவை எழுப்பி உட்கார வைத்தது எமனும் இல்லை வேப்பிலையும் இல்லை, நான் சொன்ன ஒரு வரி. அந்த வரி பொய். சின்னப் பிள்ளைகளுக்கு ஒன்றுமே வைக்காத ஜனங்களாக அவர்கள் இருந்திருந்தால்? அது எப்போதாவது அம்மா காதுக்குப் போய்விட்டால்?

அதனால் தேட ஆரம்பித்தேன். பாடப் புத்தகத்தில் தேடினேன், கோத்தகிரி நூலகத்தில் இருந்த நாலைந்து சரித்திரப் புத்தகங்களில் தேடினேன். ராஜாக்கள் யார், எந்தக் கோட்டையை யார் பிடித்தார்கள் என்பதில் எனக்கு ஒரு ஆர்வமும் கிடையாது, பரீட்சைக்குப் படிப்பதோடு சரி. எங்கே தோண்டினார்கள், தாழியில் என்ன இருந்தது, யாருடைய எலும்பு என்று மட்டும் பார்ப்பேன். அதைப் பார்க்கப் போய் மற்றதும் ஒட்டிக்கொண்டது. மணி செய்தவன் யார், இரும்பு உருக்கியவன் யார், எருமைக்கு ஏன் அவ்வளவு மரியாதை, எமனுக்கு எருமையைக் கொடுத்தது யார் என்று ஒன்றைத் தொட்டு ஒன்றாக இழுத்துக்கொண்டு போனது. கோயம்புத்தூரில் சரித்திரம் படிக்கச் சேர்ந்தபோது, இதைப் படித்து என்ன வேலை கிடைக்கும் என்று அப்பா கேட்டார். நர்ஸிங் படிக்கிறேன் என்று வேறு முன்னால் சொல்லி வைத்திருந்தேன். மனுஷன் ஒரு வாரம் பேசவில்லை.

எம்.ஏ. இரண்டாம் வருஷம், காலேஜ் நூலகத்தில் அட்டை கிழிந்த ஒரு பழைய அகழாய்வு அறிக்கை கையில் வந்தது. தெற்கே சமவெளியில் எங்கேயோ தோண்டினது. தாழிகளை வரிசையாக எழுதிக்கொண்டே போன ஒரு பக்கத்தின் நடுவில், சிறிய தாழி ஒன்று, உள்ளே குழந்தையின் எலும்புகள், உடன் சில மணிகளும் சிறு வளையல் ஒன்றும் என்று இரண்டே வரி. எழுதினவர் அதைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் அடுத்த தாழிக்குப் போய்விட்டார். நான் போகவில்லை. விரலை அந்த வரி மேல் வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு வராந்தாவுக்கு ஓடி வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். மலையில் சிக்னல் கிடைக்க வேண்டுமே. நாலாவது தடவைதான் எடுத்தாள். பின்னால் பெண்கள் பேசுகிற சத்தம், கொழுந்து நிறுக்கிற இடத்தில் நிற்கிறாள் போல.

எனக்கு மூச்சு வாங்கியது. அம்மா, அந்தக் காலத்துல சின்னப் பிள்ளைகளுக்கும் வளையல் வச்சுத்தான் அனுப்பியிருக்காங்க, புத்தகத்துல போட்டிருக்கு, இப்பதான் பார்த்தேன் என்றேன்.

"அதான் நீ அன்னிக்கே வாசிச்சுச் சொன்னியேடி," என்றாள் அம்மா. "சாப்டியா?"